யூரியா மூட்டைக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கணக்கு: உலோக வினையூக்கி எப்படி வேலை செய்கிறது?

நெல்லுக்கு மேலுரம் போடும் நாளில் வரப்பில் பிரிக்கப்படும் ஒரு யூரியா மூட்டையின் எடை 45 கிலோ. அதில் 46 சதவீதம் நைட்ரஜன். அதாவது 20 கிலோவுக்குச் சற்று அதிகம். அந்த நைட்ரஜன் மொத்தமும் ஒரு காலத்தில் வெறும் காற்றாக இருந்தது. அதைப் பிடித்துக் கொடுத்தது, ஏதோ ஓர் ஆலையின் ராட்சத உருளைக்குள் கொட்டி வைக்கப்பட்டிருந்த கருப்பு நிற இரும்புத் துண்டுகள்.

இந்த வேலையை இரும்பு 1913-லிருந்து செய்துகொண்டிருக்கிறது. ஆனால் ஏன் இரும்பு? தாமிரமோ தங்கமோ ஏன் செய்வதில்லை? இரும்பைவிடச் சிறப்பாகச் செய்யக்கூடிய உலோகம் எங்காவது இருக்கிறதா? முதல் இரண்டு கேள்விகளுக்கு உறுதியான பதில் கிடைக்கவே பல பத்தாண்டுகள் ஆயின. மூன்றாவது கேள்விக்கான தேடல் இன்றும் நடக்கிறது. அந்தத் தேடலில் சோதனைக்கூடத்துக்குச் சமமாக உழைப்பது கம்ப்யூட்டர்.

அணுக்களைக் கண்ணால் பார்க்காமலேயே, ஓர் உலோகத்தின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வது எப்படி? அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? விரிவாகப் பார்ப்போம்.

காற்றில்தானே இருக்கு, அப்புறம் என்ன கஷ்டம்?

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் நெற்பயிரால் அதைத் தொடக்கூட முடியாது. காரணம், காற்றில் நைட்ரஜன் அணுக்கள் தனித்தனியாக இல்லை. இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் கட்டிக்கொண்டு இருக்கின்றன. ஒரு மோல் நைட்ரஜனில் இந்தக் கட்டை உடைக்க 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறை உடைக்கத் தேவைப்படுவதைப்போல இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அமோனியா ஆவது இயற்கைக்குப் பிடித்தமான திசைதான். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவது மாதிரி. ஆனால் இடையில் ஒரு பெரிய மலை நிற்கிறது. அந்த மலையைத் தாண்ட ஆற்றல் இல்லாததால் இரண்டு வாயுக்களும் பக்கத்திலேயே இருந்தாலும் எதுவும் நடப்பதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து கேரளாவுக்குப் போக ஆனைமலையின் சிகரங்களில் ஏறி இறங்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக பஸ்ஸில் போய்விடலாம். புறப்படும் ஊரும் மாறவில்லை, சேரும் ஊரும் மாறவில்லை. வழி மட்டும் தாழ்வாகிவிட்டது. வினையூக்கி செய்வதும் இதேதான். வேதிவினைக்கு ஒரு கணவாயைத் திறந்துவிடுகிறது, தான் தீர்ந்துபோவதும் இல்லை.

'அப்போ சூடாக்கினாலே மலையைத் தாண்டிடலாமே?' என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். சூடு ஏற ஏற, உருவான அமோனியாவே மறுபடி உடைந்து பழையபடி வாயுக்களாகிவிடும். அதைத் தடுக்க அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இன்றைய ஆலைகள் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 100 முதல் 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஓடுவது இதனால்தான். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல இது 50 முதல் 100 மடங்கு. குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும் வினையூக்கி கிடைத்தால், இவ்வளவு அழுத்தமும் தேவைப்படாது. அமோனியா ஆராய்ச்சியில் எல்லோரும் துரத்துவது அந்த ஒன்றைத்தான்.

2,500 பொருட்கள், 6,500 சோதனைகள்

1909 ஜூலையில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஃப்ரிட்ஸ் ஹேபர், காற்றின் நைட்ரஜனிலிருந்து அமோனியா சொட்டுச் சொட்டாக வருவதை பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தாருக்குச் செய்து காட்டினார். அவர் பயன்படுத்திய வினையூக்கி ஆஸ்மியம். உலகில் மிக அரிதாகக் கிடைக்கும் உலோகம் அது. அதை வைத்து ஒரு தொழிற்சாலை நடத்த முடியாது.

மாற்று தேடும் பொறுப்பு, நிறுவனத்தின் வேதியியலாளர் ஆல்வின் மிட்டாஷிடம் வந்தது. அவரிடம் கோட்பாடு எதுவும் இல்லை. இருந்தது பொறுமை. சின்னச் சின்ன சோதனை உலைகளை வரிசையாக வைத்து, கைக்குக் கிடைத்த உலோகத்தையெல்லாம் போட்டுப் பார்த்தார். சில ஆண்டுகளில் சுமார் 2,500 பொருட்கள், 6,500 சோதனைகள்.

இதற்கிடையே ஸ்வீடனில் வெட்டியெடுக்கப்பட்ட ஒரு காந்த இரும்புத் தாது எதிர்பாராத அளவுக்கு நன்றாக வேலை செய்தது. சுத்தமான இரும்பு அப்படிச் செய்யவில்லை. ரகசியம் அந்தத் தாதுவில் இருந்த 'அழுக்கில்' இருந்தது. இரும்போடு கொஞ்சம் அலுமினா, கொஞ்சம் பொட்டாசியம் சேர்ந்தபோது வேகம் கூடியது. சாம்பாரில் பெருங்காயம் மாதிரி, அளவு சிறிது, விளைவு பெரிது. 1913-ல் ஓப்பாவ் நகரில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. நூறு ஆண்டுகள் கழிந்தும் அடிப்படைச் செய்முறை பெரிதாக மாறவில்லை.

மிட்டாஷின் முறை வென்றது உண்மை. ஆனால் அது 'எது' என்று சொன்னது, 'ஏன்' என்று சொல்லவில்லை. ஏன் என்று தெரியாதவரை, அடுத்த நல்ல வினையூக்கியைத் தேட இன்னொரு 6,500 சோதனைகளைத் தவிர வேறு வழி இல்லை.

டீக்கடை பெஞ்ச் கணக்கு

'ஏன்' என்பதற்கு முதல் துப்பு கொடுத்தவர் பிரான்ஸின் பால் சபாட்டியே. 1912-ல் வேதியியல் நோபல் பெற்றவர். அவர் சொன்னதைச் சிம்பிளா சொன்னால் இப்படி: நல்ல வினையூக்கி, வந்து சேரும் அணுக்களை ரொம்ப இறுக்கமாகவும் பிடிக்கக் கூடாது, ரொம்பத் தளர்வாகவும் பிடிக்கக் கூடாது.

ஒரு டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். உட்கார பெஞ்சே இல்லை என்றால் ஆள் நிற்காமல் போய்விடுவார்கள். பெஞ்ச் சோபா மாதிரி வசதியாக இருந்தால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மாட்டார், அடுத்த ஆளுக்கு இடம் இருக்காது. வியாபாரம் ஓட, வந்தவர் உட்கார்ந்து, டீ குடித்து, எழுந்து போகிற அளவுக்கு மட்டும் வசதியான பெஞ்ச் வேண்டும்.

உலோகத்தின் மேற்பரப்புதான் அந்த பெஞ்ச். தங்கமும் தாமிரமும் நைட்ரஜனைப் பிடிப்பதே இல்லை என்று சொல்லலாம். மாலிப்டினம் பிடித்தால் விடாது. இரும்பு நடுவில் இருக்கிறது.

அந்த பெஞ்சில் நடப்பதைப் படிப்படியாகக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஜெர்ஹார்ட் எர்ட்ல். வெற்றிடத்தில் மிகச் சுத்தமான இரும்புப் படிகத்தை வைத்து ஆராய்ந்தார். நைட்ரஜன் மூலக்கூறு முதலில் இரும்பின் மேல் ஒட்டுகிறது, அங்கேயே இரண்டாக உடைகிறது, பிறகு ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து அமோனியாவாகிப் பறக்கிறது. இதில் மிக மெதுவான படி, நைட்ரஜன் உடைவது. மொத்த ஆலையின் வேகத்தையும் தீர்மானிப்பது அந்த ஒரு படிதான். இவருக்கு 2007-ல் நோபல் கிடைத்தது.

1982-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் கேபர் சோமர்ஜாய் குழு இன்னொரு விஷயத்தைக் காட்டியது. ஒரே இரும்புப் படிகத்தை வெவ்வேறு கோணங்களில் வெட்டி சோதித்தபோது, ஒரு முகத்தில் அமோனியா உருவாகும் வேகம் இன்னொரு முகத்தைவிட 400 மடங்குக்கும் மேல் இருந்தது. உலோகம் ஒன்றுதான், அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மட்டுமே வேறு. அப்படியானால் 'எந்த உலோகம்' என்று கேட்டால் மட்டும் போதாது. அந்த உலோகத்தின் எந்த இடத்தில், எத்தனை அணுக்களுக்கு நடுவில் என்றும் கேட்க வேண்டும். இதைச் சோதனையால் மட்டும் பிடிப்பது கடினம். இங்கேதான் கம்ப்யூட்டர் உள்ளே வருகிறது.

கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்குது?

அணுக்கள் ஒட்டுவதும் உடைவதும் எலக்ட்ரான்களின் வேலை. எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான குவாண்டம் சமன்பாடு 1920-களிலேயே கிடைத்துவிட்டது. பிரச்சினை, அதைத் தீர்ப்பது.

ஓர் இரும்பு அணுவில் 26 எலக்ட்ரான்கள். மேற்பரப்பின் ஒரு சிறு துண்டுக்கு 50 அணுக்கள் எடுத்தாலே 1,300 எலக்ட்ரான்கள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டிருக்கும். எல்லாவற்றின் நிலையையும் ஒரே நேரத்தில் எழுத 3,900 மாறிகள் வேண்டும். ஒவ்வொரு மாறிக்கும் வெறும் 10 மதிப்புகள் என்று வைத்தாலும், 1-க்குப் பின்னால் 3,900 பூஜ்ஜியங்கள் போட்ட எண்ணிக்கையில் விவரங்களைச் சேமிக்க வேண்டும். நமக்குத் தெரிந்த பிரபஞ்சத்தின் மொத்த அணுக்களை எழுத, 1-க்குப் பின்னால் சுமார் 80 பூஜ்ஜியங்கள் போதும். எந்த சூப்பர் கம்ப்யூட்டராலும் இது முடியாது.

வழி காட்டியவர் வால்டர் கோன். வியன்னாவில் பிறந்து, சிறு வயதில் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். 1964-ல் பியர் ஹோஹென்பெர்க்குடன் சேர்ந்து அவர் நிரூபித்தது இதுதான்: ஒவ்வோர் எலக்ட்ரானையும் தனித்தனியாகப் பின்தொடர வேண்டாம். எந்த இடத்தில் எலக்ட்ரான்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று தெரிந்தால் போதும், மொத்த ஆற்றலையும் அதிலிருந்தே கணக்கிட முடியும்.

திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எங்கே நடக்கிறார் என்று குறிப்பதற்குப் பதிலாக, மேலிருந்து ட்ரோன் படம் எடுத்து எங்கே நெரிசல், எங்கே இடைவெளி என்று பார்ப்பது மாதிரி. 3,900 மாறிகள் வெறும் மூன்றாகச் சுருங்கிவிட்டன: நீளம், அகலம், உயரம். இதன் பெயர் டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி, சுருக்கமாக டி.எஃப்.டி. 1965-ல் கோனும் லூ ஷாமும் இதை நடைமுறையில் கணக்குப் போடும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1998-ல் கோனுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அவர் படித்ததும் பணியாற்றியதும் இயற்பியலில்.

இன்று ஓர் ஆராய்ச்சி மாணவர் இதை எப்படிச் செய்கிறார்? 'குவாண்டம் எஸ்பிரெஸோ' போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் நாலைந்து அடுக்கு உலோக அணுக்களைக் கொண்ட ஒரு தட்டை வரைகிறார். அது எல்லாப் பக்கமும் முடிவில்லாமல் தொடர்வதாக கம்ப்யூட்டருக்குச் சொல்கிறார். மேலே ஒரு நைட்ரஜனை வைக்கிறார். எலக்ட்ரான்களும் அணுக்களும் தங்களுக்கு வசதியான நிலைக்கு வரும்வரை கணக்கு திரும்பத் திரும்ப ஓடுகிறது. கடைசியில் ஓர் எண் கிடைக்கிறது. நைட்ரஜன் அந்த இடத்தில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதுதான் அந்த எண். பிறகு நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிரித்து, இடையில் இருக்கும் மலையின் உயரத்தையும் கணக்கிடுகிறார்.

சாதாரண முறையில் அணுக்களின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினால் கணக்குப் போடும் நேரம் சுமார் எட்டு மடங்காகும். அதனால்தான் பெரும்பாலான டி.எஃப்.டி. மாதிரிகள் சில நூறு அணுக்களைத் தாண்டுவதில்லை.

மொட்டை மாடியும் படிக்கட்டும்

இந்தக் கணக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்று காட்டிய சோதனைகளில் முக்கியமான ஒன்று 1999-ல் டென்மார்க்கில் நடந்தது. களம், இரும்பின் உறவுக்கார உலோகமான ருத்தேனியம்.

ருத்தேனியத்தின் மேற்பரப்பு கண்ணாடிபோல வழவழப்பாகத் தெரிந்தாலும், அணு அளவில் அது அகலமான மொட்டை மாடிகளும் அவற்றுக்கு இடையே ஓர் அணு உயரப் படிகளுமாக இருக்கும். பரப்பில் மிகப் பெரும்பகுதி மொட்டை மாடிதான். நைட்ரஜன் எங்கே உடைகிறது?

யென்ஸ் நோர்ஸ்கோவ் உள்ளிட்ட குழுவினரின் டி.எஃப்.டி. கணக்கு, படிதான் என்றது. மொட்டை மாடியில் உள்ள மலையைவிட படியின் விளிம்பில் உள்ள மலை 1.5 எலக்ட்ரான் வோல்ட் தாழ்வு என்று காட்டியது. அணு உலகில் இது மிகப் பெரிய வித்தியாசம். காரணம், விளிம்பில் உடையும் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஒரே உலோக அணுவைப் பங்குபோட வேண்டியதில்லை. ஆளுக்கொரு பிடி கிடைக்கிறது.

இதைச் சோதிக்க அவர்கள் செய்த காரியம் எளிமையானது. மேற்பரப்பின் 1 முதல் 2 சதவீதத்தை மட்டும் மூடும் அளவுக்குத் தங்கத்தைத் தூவினார்கள். தங்க அணுக்கள் தேடிப் போய் உட்காருவது படிகளின் விளிம்பில்தான். மொட்டை மாடி அப்படியே காலியாகக் கிடக்கும். கணக்கு தவறாக இருந்தால், இந்தத் துளித் தங்கத்தால் பெரிய மாற்றம் வரக்கூடாது.

வந்தது. நைட்ரஜன் உடைவது கிட்டத்தட்ட நின்றே போனது. 500 கெல்வின் வெப்பத்தில், அதாவது சுமார் 227 டிகிரி செல்சியஸில், படிகளில் நடக்கும் வேகம் மொட்டை மாடியைவிடக் குறைந்தது 100 கோடி மடங்கு என்று தெரிந்தது. பெரிய வினையூக்கித் துண்டு ஒன்றில் உண்மையாக உழைப்பது ஒரு சில அணுக்கள் மட்டுமே. மீதியெல்லாம் அவற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

எரிமலையின் உச்சி எங்கே?

உழைக்கும் இடம் தெரிந்துவிட்டது. அடுத்து, எந்த உலோகம்? நோர்ஸ்கோவ் குழு பல உலோகங்களுக்கு இதே கணக்கைப் போட்டபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. நைட்ரஜன் அணு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்ற ஒரே எண்ணைத் தெரிந்துகொண்டால், மலையின் உயரத்தையும் ஏறத்தாழச் சொல்லிவிடலாம். இறுக்கம் கூடினால் மலை தாழ்கிறது. ஆனால் ஒட்டியது விடுவதும் கடினமாகிறது.

இதை வரைபடமாகப் போட்டால் எரிமலை வடிவம் வரும். ஒரு சரிவில் இறுக்கிப் பிடிக்கும் மாலிப்டினம், மறு சரிவில் தளர்வாகப் பிடிக்கும் கோபால்ட்டும் நிக்கலும். உச்சிக்குப் பக்கத்தில் மூன்று பெயர்கள்: இரும்பு, ருத்தேனியம், ஆஸ்மியம். ஹேபருக்கும் மிட்டாஷுக்கும் ஆயிரக்கணக்கான சோதனைகளில் கிடைத்த விடை, ஒரே வரைபடத்தில் காரணத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து வந்தது ஒரு துணிச்சலான யோசனை. இறுக்கமான மாலிப்டினத்தையும் தளர்வான கோபால்ட்டையும் கலந்தால், சராசரி உச்சிக்குப் பக்கத்தில் வருமா? தனித்தனியாக இரண்டுமே சுமார் ரகம்தான். கணக்கு 'வரும்' என்றது. 2001-ல் வெளியான ஆய்வில் கோபால்ட்-மாலிப்டினம் நைட்ரைடைச் செய்து பார்த்தார்கள். வழக்கமான வினையூக்கிகளோடு போட்டி போடும் அளவுக்கு அது வேலை செய்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானில் கோஜிமா, ஐக்கா ஆகிய ஆய்வாளர்களும் தங்கள் சோதனை வழியாக இதே பொருளுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். இரண்டு வேறு பாதைகள் ஒரே இடத்தில் சந்தித்தது, கணக்கின் மேல் நம்பிக்கையைக் கூட்டியது.

சரி, எவ்வளவு நம்பலாம்?

இந்த இடத்தில் ஒரு பிரேக் போட வேண்டும். டி.எஃப்.டி. கோட்பாடு துல்லியமானது. ஆனால் அதில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நகர்வதைச் சொல்லும் ஒரு பகுதிக்குச் சரியான சூத்திரம் யாருக்கும் தெரியாது. அதற்குத் தோராயமான சூத்திரங்களைத்தான் போடுகிறார்கள். அதனால் விடையில் 0.2 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குப் பிழை வருவது சகஜம்.

கேட்க சின்னதாக இருக்கும். ஆனால் வினையின் வேகம் மலை உயரத்தோடு அடுக்குக்குறி வேகத்தில் மாறும். 0.2 எலக்ட்ரான் வோல்ட் தவறினால், 400 டிகிரி செல்சியஸில் வேகக் கணக்கு சுமார் 30 மடங்கு தவறும். அறை வெப்பநிலையில் 2,000 மடங்குக்கும் மேல் தவறும்.

2005-ல் கரோலினா ஹொன்காலா, நோர்ஸ்கோவ் குழுவினர் ஒரு கடினமான தேர்வை எடுத்துக்கொண்டார்கள். ருத்தேனியத் துகள்கள் என்ன அளவில் இருக்கின்றன என்பதை மட்டும் சோதனையிலிருந்து எடுத்துக்கொண்டு, அமோனியா எவ்வளவு வரும் என்பதை முழுக்கக் கணக்காகவே போட்டார்கள். விடை உண்மையான அளவிலிருந்து 3 முதல் 20 மடங்குக்குள் விலகியிருந்தது. தொழிற்சாலை மேனேஜருக்கு இது மோசமான மதிப்பெண். ஆனால் எந்த எண்ணையும் சோதனைக்கு ஏற்றபடி வளைக்காமல் வந்த விடை என்பதால், அறிவியல் உலகில் இது சாதனையாகப் பார்க்கப்பட்டது.

2014-ல் ஆண்ட்ரூ மெட்ஃபோர்ட் உள்ளிட்டோர் பிழையையே அளந்து பார்த்தார்கள். ஓர் உலோகம் மணிக்கு எவ்வளவு அமோனியா தரும் என்று கேட்டால் கணக்கு தடுமாறுகிறது. இரண்டு உலோகங்களில் எது மேல் என்று கேட்டால் அதைவிட நம்பகமாகச் சொல்கிறது. தவறு எல்லா உலோகங்களுக்கும் ஒரே பக்கமாகச் சாய்வதால், ஒப்பிடும்போது பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. கடைத் தராசு எல்லாப் பொருளையும் 50 கிராம் கூட்டிக் காட்டினாலும், எது கனம் என்று சரியாகச் சொல்லிவிடும் இல்லையா? அதே கதைதான்.

ஏ.ஐ. வந்த பிறகு என்ன மாறியது?

இதுவரை பார்த்த மாதிரிகளில் உலோக அணுக்கள் அசையாமல் நின்றன. 400 டிகிரி சூட்டில் உண்மையில் அப்படி நிற்குமா? டி.எஃப்.டி.யால் அசையும் அணுக்களைச் சிறிது நேரம் மட்டுமே பின்தொடர முடியும், செலவு அவ்வளவு அதிகம்.

இங்கே மெஷின் லேர்னிங் கைகொடுக்கிறது. ஆயிரக்கணக்கான டி.எஃப்.டி. விடைகளைக் கொடுத்துப் பழக்கினால், புதிய அமைப்புக்கான விடையை அது பல மடங்கு வேகமாக ஊகித்துச் சொல்லும். 2023-ல் மிக்கேலே பாரினெல்லோ குழு இப்படி இரும்பின் மேற்பரப்பை ஆலையின் வெப்பத்தில் ஓட விட்டுப் பார்த்தது. மேற்பரப்பு அணுக்கள் ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்தன. நைட்ரஜனை உடைக்கும் இடங்கள் உருவாவதும் மறைவதுமாக இருந்தன. நாம் கற்பனை செய்த நிலையான டீக்கடை பெஞ்ச், உண்மையில் ஓடும் பஸ்ஸின் சீட் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது.

2020-ல் ஃபேஸ்புக்கின் ஏ.ஐ. பிரிவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் 'ஓப்பன் கேட்டலிஸ்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கின. சுமார் 13 லட்சம் மேற்பரப்பு அமைப்புகளுக்கான டி.எஃப்.டி. கணக்குகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டன. மிட்டாஷின் 6,500 சோதனைகளோடு ஒப்பிட்டால் அளவு புரியும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஏ.ஐ. படித்தது டி.எஃப்.டி.யின் விடைத்தாளை. ஆசிரியரின் பிழை மாணவருக்கும் வரும்.

இவ்வளவும் எதுக்கு?

சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2020-ல் உலகம் சுமார் 18.5 கோடி டன் அமோனியா தயாரித்தது. அதில் 70 சதவீதம் உரத்துக்குப் போகிறது. உலகின் மொத்த எரிசக்திப் பயன்பாட்டில் சுமார் 2 சதவீதம் இந்த ஒரு பொருளுக்கே செலவாகிறது. ஆண்டுக்கு 45 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு நேரடியாக வெளியேறுகிறது.

இந்தக் கார்பனில் பெரும்பகுதி, அமோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனை இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்து எடுக்கும்போது வருகிறது. அதனால் இரும்புக்கு மாற்று கிடைத்தாலே பிரச்சினை தீர்ந்துவிடாது. ஹைட்ரஜனை சூரிய, காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டும். ஆனால் வெயிலும் காற்றும் நாள் முழுக்க ஒரே சீராக இருக்காது. 100 மடங்குக்கு மேல் அழுத்தத்தில், நிற்காமல் ஓடுவதற்காகக் கட்டப்பட்ட ராட்சத ஆலை இதற்குத் தோதானது அல்ல. குறைந்த சூட்டிலும் அழுத்தத்திலும் வேலை செய்யும் வினையூக்கி இருந்தால், மின்சாரம் கிடைக்கும் இடத்திலேயே சின்ன ஆலைகள் வைக்க முடியும்.

அது முடியுமா? கம்ப்யூட்டர் மாதிரிகள் கொடுத்த மிக முக்கியமான பதில் இங்கேதான் இருக்கிறது, அது கொஞ்சம் கசப்பானது. ஒரே எண்ணைத் தெரிந்துகொண்டு எல்லாவற்றையும் கணிக்கலாம் என்று பார்த்தோம் அல்லவா? அந்த வசதியே ஒரு பொறி. நைட்ரஜனை எளிதில் உடைக்கும் உலோகம் அதை விடாது, எளிதில் விடும் உலோகம் அதை உடைக்காது. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. சாதாரண உலோக மேற்பரப்பு எதை எடுத்தாலும் எரிமலையின் உச்சியைத் தாண்டி மேலே போக முடியாது. இரும்பு ஏற்கெனவே அந்த உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நூறு ஆண்டுகளாக அதை யாராலும் எளிதில் அசைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கயிற்றை அறுக்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. உளுந்து, துவரை, தக்கைப்பூண்டு ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள், மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே காற்றின் நைட்ரஜனை அமோனியாவாக்குகின்றன. நடவுக்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழுவது இந்த நைட்ரஜனுக்காகத்தான். அந்த நொதியின் மையத்தில் இருப்பது ஏழு இரும்பு அணுக்களும் ஒரு மாலிப்டினம் அணுவும், அவற்றைக் கோக்கும் கந்தகமும் ஒரு கார்பனும். அங்கே மூன்று பிணைப்புகளும் ஒரேயடியாக உடைக்கப்படுவதில்லை, ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டே படிப்படியாகத் தளர்த்தப்படுகின்றன. அதுவும் இலவசம் இல்லை. அதற்கான ஆற்றலைச் செடி தன் சர்க்கரையிலிருந்து கொடுத்தாக வேண்டும்.

இன்றைய கணக்குகள் இந்தத் திசையில்தான் போகின்றன. இரண்டு வகை அணுக்கள் வேலையைப் பிரித்துக்கொள்ளும் மேற்பரப்புகள், ஒருவர் உடைக்க, மற்றவர் பிடித்து அனுப்பும் அமைப்புகள், மின்சாரத்தின் உதவியோடு நடக்கும் வினைகள் எனத் தேடல் விரிகிறது. எதைச் செய்து பார்ப்பது என்பதை கம்ப்யூட்டர் சொல்கிறது. உண்மையா என்பதை உலைதான் சொல்கிறது.

ஆலை உருளைக்குள் இன்றும் இருப்பது மிட்டாஷ் கண்டுபிடித்த இரும்பின் வாரிசுதான். அதை மாற்றப்போகும் பொருள் எது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனால் மிட்டாஷுக்கு இல்லாத ஒன்று இன்றைய ஆய்வாளரிடம் இருக்கிறது. எங்கே தேடினால் கிடைக்காது என்பது அவருக்குக் காரணத்தோடு தெரியும்.